வரிசையின் தலையில் நின்றது

இலட்சுமிப்பிள்ளை கட்டிலில் படுத்திருந்தார். கஜானியின் கையிலிருந்த போனில் அந்தக் கட்டில் வெறுமையாக இருந்தது.

அவள் மெத்தைக்குக் கீழே கைவிட்டு, பாய்போல் மெல்லிய சென்சரை இழுத்துப் பார்த்தாள். வயர் அறவில்லை. சின்ன விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இலட்சுமிப்பிள்ளையைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுத் தானே கட்டிலில் இருந்தாள். போனில் உடனே பச்சைப் புள்ளி வந்தது. எழுந்தாள், புள்ளி போயிற்று. இலட்சுமிப்பிள்ளை சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து திரும்பவும் படுத்தார். புள்ளி வரவில்லை. பையிலிருந்த புதிய சென்சரை மாற்றிப் போட்டாள். புதியதற்கும் அவரைத் தெரியவில்லை.

போன் அடித்தது. கனடாவிலிருந்து மகன் சுதாகரன்.

"தங்கச்சி, நேற்றிலையிருந்து அம்மா கட்டிலிலை இல்லையெண்டு காட்டுது. நான் இஞ்சை வேலைக்கும் போகாமல் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன்."

"அம்மா கட்டிலிலைதான் கிடக்கிறா அண்ணை. நான் பக்கத்திலை நிக்கிறன். குடுக்கட்டோ, கதைக்கிறீங்களோ?"

"கதைச்சு என்ன செய்யுறது, அவக்குக் காதும் கேளாது. நீர் உதைச் சரிசெய்யும். பச்சை வந்தாப் பிறகு எடும்."

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற ஞானசவுந்தரி மூக்கால் சிரித்தாள். புங்குடுதீவு மடத்துவெளியில் இந்த வீட்டுக்கு வந்து சமைத்துக் கொடுத்துப் போகிறவள் அவள். "மோனுக்குத் தாய் வேண்டாம், லைற் எரிஞ்சாக் காணும்."

கஜானி வயரைச் சுருட்டினாள். தீவுப்பகுதியில் தனியாகக் கிடக்கும் வயதானவர்களின் கட்டில்களுக்குக் கீழே சென்சர் வைப்பது அவளுடைய தொழில். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் போனில், அம்மாவோ அப்பாவோ படுத்திருந்தால் பச்சைப் புள்ளி. பாரிஸிலிருக்கும் அவள் கணவன் ரஜீபன்தான் இதற்கான கணினி நிரலையெல்லாம் எழுதியவன். ஓடித் திரிகிறவள் அவள்.

"இவா முந்தநாள் பொழுதுபடேக்கை இருந்து ஒரு மாதிரி," என்றாள் ஞானசவுந்தரி. "கட்டில் சட்டத்தை விடுறாவில்லை. கஞ்சி குடிக்கவும் ஒரு கைதான் வருது."

கஜானி அப்போதுதான் கவனித்தாள். படுத்திருந்தவரின் விரல்கள் மரச்சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தன, விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. அவர் கண்களில் சிநேகம் இல்லை.

"உம்மடை சாமானைக் கழட்டிக்கொண்டு போம்," என்றார். "அது வாசலாலை வரேல்லை."

"எது, அம்மா?"

அவர் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார். "மூளை கலங்கிப் போச்சு," என்றாள் ஞானசவுந்தரி. ஆனால் அவளும் நிலையைத் தாண்டி அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

புங்குடுதீவிலிருந்து வேலணைக்குப் போகும் கடற்பாதையில் சோழகக் காற்று ஸ்கூட்டரை ஒரு பக்கமாகத் தள்ளியது. இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கடல், அதில் மீன் பிடிக்க நட்ட களங்கண்ணித் தடிகள், தடிக்கு ஒன்றாக இறகை விரித்துக்கொண்டு நின்ற நீர்க்காகங்கள். கரையொதுங்கி அழுகிய சாதாழைக் கடற்புல்லின் மணம் தொண்டைவரை இறங்கியது. கஜானிக்குத் தன் மீதே எரிச்சலாக இருந்தது. காய்ச்சலோடு கிடக்கும் மகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, யாரோ ஒருவரின் அம்மா இருக்கிறாரா என்று பார்க்க வந்திருக்கிறாள். இருக்கிறார். அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். புள்ளி சொல்லவேண்டும்.

சரவணையில் மார்க்கண்டர் தன் வீட்டுத் தெருவாசல் படலையடியில் நின்றார். இந்த வீட்டிலும் அவளுடைய சென்சர் இருந்தது. அவர் படலைத் தூணை ஒரு கையால் கட்டிப்பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்; வேட்டி காற்றில் படபடத்தது. கஜானி ஸ்கூட்டரை நிறுத்தினாள். பழக்கத்தில் போனைப் பார்த்தாள்.

மார்க்கண்டர் கட்டிலில் படுத்திருந்தார். பச்சை.

"ஐயா, வீட்டிலை ஆரும் வந்து நிக்கினமோ?"

"ஆர் வரப்போகினம் பிள்ளை. பெத்ததுகளே வரேல்லை."

"அப்ப உங்கடை கட்டிலிலை ஆர் படுத்திருக்கிறது?"

அவர் அவளைப் பார்த்தார். திரும்பி வீட்டைப் பார்க்கவில்லை. "அதை என்னட்டைக் கேக்கிறீர்," என்றார். "நான் உள்ளுக்குப் போகேல்லை."

முற்றத்துக்கு அப்பால் அறை யன்னல் அரைவாசி திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. போய் எட்டிப் பார்க்கச் சிறிது தூரம்தான். வயர் மாறிக் கொளுவியிருக்கலாம், மெத்தையில் அரிசிச் சாக்கு ஏதும் வைத்திருக்கலாம். பார்த்தால் முடிந்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல், பொழுது படுகிறது, போகவேண்டும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது சாட்டு என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஸ்கூட்டரைத் திருப்பும்போது யன்னலின் இருட்டு தன் முதுகைப் பார்ப்பதுபோல் தோள்கள் தாமாகக் குறுகின.

புளியங்கூடலில் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது மைமல் இருட்டு. பக்கத்து வீட்டுக்காரி செருப்பைப் போட்டுக்கொண்டே, "மருந்து குடுத்திட்டன், நித்திரை. விளக்கு வைக்கிற நேரம் படுக்க விடாதையும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் லக்சிகாவுக்கு ஏழு வயது. யன்னல் பூட்டிய அறையில் விக்ஸ் மணமும் காய்ச்சல் வேர்வையின் புளித்த மணமும் நின்றன. நெற்றி கொதித்தது. எழுப்ப மனமில்லாமல் போர்வையை இழுத்துவிட்டு, நுளம்பு வலையைச் செருகிவிட்டு, கஜானி முன்னறைக்கு வந்தாள்.

முன்னறை மூலையில் சேர்வர் இருந்தது. அலுமாரிக்குப் பக்கத்தில், மேசையில், சாணளவு உயரமான கறுப்புப் பெட்டி. அதன் டிஸ்க் சில நாட்களாக நகத்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ரஜீபன் காலையிலேயே பேசியிருந்தான். "சாகப்போற டிஸ்க் கஜா. ஒருநாளும் பிரதி எடுக்காமல் விட்டிடாதையும். போச்செண்டா எல்லாம் போச்சு."

ஒவ்வொரு மாலையும் பிரதி எடுப்பது அவளுக்குக் கைப்பழக்கம். சென்சர் வைத்த வீடுகளிலிருந்து வருகிற செய்திகளைச் சேர்வர் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதுவதில்லை. கொஞ்சத்தைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு ஆறுதலாக எழுதும். அப்படி மிதக்கிறதையெல்லாம் முதலில் டிஸ்க்கில் இறக்கவேண்டும். இறக்கிய கையோடு பூட்டவேண்டும். பூட்டியிருக்கும்வரை எல்லாவற்றையும் வாசிக்கலாம். எதையும் மாற்ற ஏலாது. அந்த அசையாத நிலையில்தான் பிரதி பிசகில்லாமல் வரும். அதற்குள் புதிதாக வருகிற செய்திகள், கோயிலில் திரை போட்டதும் சனம் நிற்பதுபோல் வரிசையில் நிற்கும். திரையை விலக்கினால் வந்த ஒழுங்கில் உள்ளே போகும். பூட்டைப் பிடித்திருப்பது அவளுடைய லப்டொப். அது அணைந்தால் பூட்டும் தானாகக் கழன்றுவிடும்.

லப்டொப்பை வயரால் சேர்வரோடு கொளுவினாள். இறக்கினாள். பூட்டினாள்.

காற்று ஓய்ந்ததென்று நினைத்தாள். வளவில் பின்னேரம் முழுவதும் சலசலத்துக்கொண்டிருந்த பனை ஓலைகள் ஒரு சலசலப்பின் நடுவில் நின்றிருந்தன. தூரத்தில் குரைத்துக்கொண்டிருந்த நாய் குரைப்பை முடிக்கவில்லை. டிஸ்க் மட்டும் சுரண்டியது. அவளுக்கு அந்த அமைதி முதலில் பிடித்திருந்தது. பகல் முழுவதும் அவளைக் குற்றம் சொன்ன உலகம் கொஞ்ச நேரம் வாயை மூடியிருக்கிறது என்று தோன்றியது.

பிரதி ஓடிக்கொண்டிருந்தது. பூட்டியிருந்தாலும் வாசிக்கலாம். மார்க்கண்டரின் கட்டில் மனதை அரித்துக்கொண்டிருந்ததால், பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாள்.

மார்க்கண்டரின் கட்டிலில் பாரம் நேற்று மாலை கூடியிருந்தது. அவரைவிட இருமடங்கு. அதற்குப் பிறகு குறையவே இல்லை. அவர் எழுந்து போனபோதும், படலையில் நின்றபோதும், இன்னும்.

கூடிய நேரம், நேற்று அவள் பூட்டைத் திறந்த நேரம்.

அதே நேரத்தில்தான் மடத்துவெளியில் இலட்சுமிப்பிள்ளையின் கட்டில் வெறுமையாகியிருந்தது. அதற்கு முதல்நாள் மாலை, பூட்டுத் திறந்ததும், இலட்சுமிப்பிள்ளையின் கட்டில் பாரம் கூடியிருந்தது. அதே நேரத்தில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு வீட்டில் கட்டில் வெறுமையாகியிருந்தது.

கஜானி அந்த நேரங்களை இன்னொருமுறை ஒப்பிட்டுப் பார்த்தாள். ஏதோ ஒன்று துறையடியிலிருந்து தெருவோடு தெருவாக வருகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டில். அவள் பூட்டியிருக்கும்போது, ஒன்றும் எழுதப்படாத அந்த இடைவெளியில், எழும்பி நடந்து அடுத்த கட்டிலில் போய்ப் படுக்கிறது. அவள் திறக்கிறபோது அது அங்கே எழுதப்பட்டுவிடுகிறது. கட்டிலின் உண்மையான ஆள் எழுதப்படாமல் போகிறார்.

துறையடி. மடத்துவெளி. சரவணை.

சரவணைக்கு அடுத்து அவளுடைய சென்சர் உள்ள வீடு எது என்று யோசித்தாள். புளியங்கூடலில் அவளுக்கு வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஒருவரும் இல்லை. பெருமூச்சு பாதியில் நின்றது.

முதன்முதலில் சோதித்துப் பார்க்க வைத்த சென்சர். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். தன் வீட்டில் வைத்துச் சரிபார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுப்பது. சரிபார்த்தாள். கழற்றவில்லை. அது லக்சிகாவின் மெத்தைக்குக் கீழே இருந்தது.

வரிசையைத் திறந்து பார்த்தாள். பூட்டுக்கு வெளியே காத்து நிற்கும் செய்திகள். வழமையில் அவள் பார்க்காத பட்டியல். எந்தச் சென்சர் என்பது மட்டும் தெரியும், செய்தி பாதியில் வெட்டுப்பட்டிருக்கும்.

தலையில் நின்றது: லக்சிகாவின் கட்டில்.

அடுத்தது: மார்க்கண்டரின் கட்டில்.

அதற்குக் கீழே, மறுபடியும்: லக்சிகாவின் கட்டில்.

கரண்ட் போனது.

சேர்வருக்குக் கீழே யூபிஎஸ் பீப் என்றது. இருட்டில் லப்டொப்பின் திரை மட்டும் அவள் கைகளை நீலமாகக் காட்டியது. லப்டொப்பின் பட்டரி பழையது. கரண்ட் போனால் ஒரு தேத்தண்ணி கொதிக்கும் நேரம்கூடத் தாங்காது. அது செத்தால் பூட்டுக் கழலும். பூட்டுக் கழன்றால் வரிசை உள்ளே போகும்.

அவள் எழுந்து ஓடினாள்.

போனின் வெளிச்சத்தில் அறை அப்படியே இருந்தது. லக்சிகா யன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்கு முதுகுப் பக்கத்தில் மெத்தை பதிந்திருந்தது. நீளமாக. ஒரு பெரிய ஆளின் நீளத்துக்கு. அதில் யாரும் இல்லை.

"லக்சி. குஞ்சு, எழும்பு."

நுளம்பு வலையைப் பிடித்து இழுத்தாள். வலை வரவில்லை. துணி தகரம்போல் நின்றது. விரலில் கீறியது. கீழே குனிந்து, செருகும்போது விடுபட்ட ஒரு மூலையால் கையை நுழைத்துப் பிள்ளையின் தோளைப் பிடித்தாள். தோள் சுட்டது. அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். கல்லை இழுப்பதுபோல் இருந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு மயிரைக்கூட விலக்க முடியவில்லை.

பார்க்கலாம். மாற்ற ஏலாது.

வெளிச்சத்தைப் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். மூக்கு நுனியில் ஒரு வேர்வைத் துளி விழப்போய் விழாமல் நின்றது. நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

மூச்சு இல்லை.

பூட்டைப் பிடித்திருக்கிறவள் அவள்தான். திறந்தால் மூச்சு வரும். திறந்தால் அதுவும் வரும்.

பீப். பீப்.

முன்னறைக்கு ஓடி வந்தாள். பட்டரி சிவப்பு. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ரஜீபன் மீது, சுதாகரன் மீது, பச்சைப் புள்ளிகள் மீது, யன்னலில் எட்டிப் பார்க்காமல் வந்த தன் மீது. ஒரு வழி இருந்தது. காத்து நிற்கிறதை உள்ளே விடாமல் வரிசையிலேயே அறுத்துவிடலாம். அறுத்தது எழுதப்படாது. அது வந்ததாகவே இராது.

லக்சிகாவின் கட்டிலிலிருந்து இரண்டு வரிகள். ஒன்று அது. மற்றது பிள்ளை.

எது?

திரை மங்கியது.

வரிசை அடைத்துக்கொண்டால் தலையில் நிற்பதை அறு. அவள் கற்ற முதல் பாடம். நெடுநேரமாகக் காத்து நிற்பதுதான் எப்போதும் கள்ளன். எத்தனையோ மாலைகளில் அவள் யோசிக்காமல் செய்தது. அது நாட்கணக்காகக் காத்திருந்தது. அதுதான் தலையில் நிற்கும்.

விரல் யோசிக்கவில்லை. தலையை அறுத்தது. பூட்டைத் திறந்தது.

பனை ஓலைகள் விட்ட இடத்திலிருந்து சலசலத்தன. நாய் குரைப்பை முடித்தது. காற்று கூரை ஓடுகளைத் தட்டிக்கொண்டு வந்து வீட்டில் மோதியது. அறையிலிருந்து பிள்ளையின் இருமல் கேட்டது. உயிருள்ள, சளி கட்டிய இருமல்.

கஜானி மேசையில் நெற்றியை வைத்தாள். திரை அணையும் முன் கடைசியாக ஒருமுறை வரிசை இருந்த இடத்தைப் பார்த்தாள். வெறுமை. எல்லாம் உள்ளே போய்விட்டன. மார்க்கண்டரின் கட்டில். பிறகு லக்சிகாவின் கட்டில்.

பிறகு.

அது மார்க்கண்டரின் கட்டிலை விட்டு எழும்பித்தான் இங்கே வந்தது. மார்க்கண்டருக்குப் பிறகு நின்றதுதான் அது. அதற்கு முன்னால், எல்லோருக்கும் முன்னால், தலையில் நின்றது, அவள் பூட்டியதும் காய்ச்சலில் யன்னல் பக்கம் புரண்டு படுத்த பிள்ளை.

லப்டொப் அணைந்தது.

கால்கள் அவளை அறைக்குக் கொண்டுபோயின. வலை இப்போது துணி. கையை வைத்ததும் விலகியது. லக்சிகாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. கஜானி இரண்டு கைகளையும் பிள்ளைக்குக் கீழே கொடுத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கும் பலத்தோடு தூக்கினாள்.

கைகள் வெறுமனே மேலே வந்தன. பலம் போட்ட வேகத்தில் அவளே பின்னால் தடுமாறினாள். பிள்ளை கைகளில் இருந்தாள். சூடு இருந்தது. கன்னம் கன்னத்தில் பட்டது. பாரம் இல்லை. ஈரமான தலைமயிர் தொங்கவில்லை. தண்ணீருக்குள் கிடப்பதுபோல் மெல்ல மேலே எழுந்து மிதந்தது. பிடியைச் சிறிது தளர்த்தியதும் பிள்ளை கையை விட்டு உயரப் பார்த்தாள். கஜானி அவளைப் பிடித்தாள். நெஞ்சோடு இறுக்கினாள். எலும்பு நோகும்வரை இறுக்கினாள். இலட்சுமிப்பிள்ளை கட்டில் சட்டத்தையும் மார்க்கண்டர் படலைத் தூணையும் விடாமல் பிடித்தது எதற்கென்று இப்போது விளங்கியது.

வெளியே சோழகம் யன்னல் பலகையில் மோதியது. மோதி, கொளுக்கியை ஆட்டியது.

லக்சிகா கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவள் தாயின் தோளுக்கு மேலால் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெத்தையில் பள்ளம் அப்படியே இருந்தது. கஜானி பார்த்துக்கொண்டிருக்க, அது மெதுவாகப் புரண்டது. தலையணை நசிந்து, அவள் பக்கமாகக் குழிந்தது. போர்வை தானாக ஏறி, ஒரு கழுத்து இருக்கவேண்டிய உயரத்தில் நின்றது.

"அம்மா," என்றது கட்டில். லக்சிகாவின் குரல். அதே சளி, அதே செல்லம். "சரியா வேர்க்குது. அந்த யன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ."